இடப்பக்கம் திரும்பாத தட்டு

தட்டு எறியக் கைவலு வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வேலை இடுப்பில்தான் தொடங்குகிறது. கை கடைசியில் வந்து சேர்ந்துகொள்கிறது. முப்பத்து நான்கு வருடம் இயன்முறை மருத்துவம் பார்த்தவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

தௌனோ வீத்தலாவின் இடுப்பு அசையவே அசையாது. ஊராட்சியின் பனி வாரும் வண்டியில் உட்கார்ந்தே காலம் கழித்தவன். கையை அகல வீசி, கோபத்தில் கதவைச் சாத்துகிறவன் போல எறிவான். தட்டின் முன்விளிம்பு வானத்தைப் பார்க்கும். சுழற்சி போதாது. தள்ளாடிக்கொண்டே போய், பாதி வழியில் களைத்து, இடப்பக்கமாகச் சரிந்துவிடும். வலக்கைக்காரர்களின் தட்டு கடைசியில் இடப்பக்கம் சாய்வது இயல்புதான். அவனுடையது சீக்கிரமே கொக்கி போல வளைந்துவிடும்.

தட்டை எறிந்து கம்பிக்கூடையில் விழவைக்கும் ஆட்டம்தான் டிஸ்க் கோல்ஃப்; எங்கள் ஊர் மைதானத்தின் பதினெட்டுக் கூடைகளையும் வைத்தவன் நான். ஏழாவது கூடைக்கு மட்டும் ஒரு கோடை முழுக்கச் செலவழித்தேன். இடப்பக்கம் பைன் மரங்கள், வலப்பக்கம் ஏரி. மரங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி. நேராக எறியத் தெரிந்தவன் மட்டுமே அதன் வழியாகக் கூடையை அடைய முடியும். தௌனோ அந்த இடைவெளியை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ஏரிக்கு மேலே குறிவைத்து வீசுவான். தட்டு தண்ணீருக்கு மேல் போய், அந்தக் கோணல் வளைவிலேயே கரைக்குத் திரும்பி, கூடையின் காலடியில் விழும். பதினோரு வருடம், ஞாயிறு தவறாமல்.

“என்னப்பா புத்தகம், இது எத்தனையாம் பக்கத்துல இருக்கு?” என்பான். புத்தகம் என்றால் நான். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன செப்டம்பரில் எங்கள் ஆட்டக்காரர் மன்றக் கூட்டத்தில் ஏழாவது கூடைக்கு ‘தௌனோ வளைவு’ என்று பெயர் வைத்தார்கள். நானும் கை தூக்கினேன். பெயர்ப் பலகைக்கான மரத்தைக் கொடுத்ததும் நான்தான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

அக்டோபரில் அவனாகத்தான் என்னிடம் வந்தான்.

“முழங்கை தீயா எரியுதுப்பா. இனிமே எறியவே முடியாதோ?”

“முறையா எறிஞ்சா வலிக்காது.”

“அப்போ சொல்லிக்குடு. கிண்டல் பண்ண மாட்டேன், சத்தியமா.”

பழைய தீயணைப்புக் கொட்டகையில் ஒரு வலையைக் கட்டினேன். செவ்வாயும் வெள்ளியும் வருவான். வந்ததும் காப்பி குடிப்போம். காப்பி ஊற்றும்போது மணிக்கட்டு எப்படிக் கவிழ்கிறது என்று பார்க்கச் சொன்னேன். தட்டைப் பிடிக்கும்போதும் அப்படிக் கவிழ்த்தால் முன்விளிம்பு தாழும். தட்டை நெஞ்சை ஒட்டி இழுக்கக் கற்றுக்கொடுத்தேன். முன்காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, அதற்குப் பிறகே கையை விட வைத்தேன். டிசம்பர் வரை திணறினான். பிப்ரவரியில் ஒருநாள் தட்டு வலையில் மோதிய ஓசையே மாறியது. வலியும் போயிற்று. என் தோளைக் கட்டிக்கொண்டு, “கைராசிக்காரன்ப்பா நீ” என்றான்.

வலை ஐந்தடி தூரத்தில் இருந்தது. வலைக்குள் எறிகிறவனுக்குத் தன் உடம்பு தெரியும். தட்டு எங்கே போகும் என்பது தெரியாது.

எனக்குத் தெரியும். வேகமும் சுழற்சியும் கூடி, முன்விளிம்பும் தாழ்ந்துவிட்டால் அதே தட்டு வேறு தட்டாகிவிடும். சீக்கிரம் சரியாது. முதலில் சற்று வலப்பக்கம் ஒதுங்கும், பிறகு நெடுந்தூரம் மிதந்துபோகும், கடைசியில்தான் இலேசாக இடப்பக்கம் சாயும். பழைய குறியை வைத்துக்கொண்டு புதிய முறையில் எறிந்தால், தட்டு கரைக்குத் திரும்பாது. இதை அவனிடம் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். அவன் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு, மே முதல் நாள் வரும் வப்பு விழாவுக்கு முந்தையது. நல்ல வெயில். நாங்கள் இருவர் மட்டும்.

“ஒண்ணாவதுலேர்ந்து ஆரம்பிக்கலாமே?” என்றான்.

“காட்டுக்குள்ள இன்னும் முழங்கால் அளவு பனி கெடக்கு. ஏழுல காஞ்சிருக்கு.”

அது உண்மை. போய்ப் பாருங்கள், இன்னும் கிடக்கும்.

“குறி எங்க வைக்கட்டும்?”

“எப்பவும் வைக்கிற இடத்துலதான்.”

“எந்தத் தட்டு?”

“ஐலி எழுதுனதையே எடேன். முதல் எறிவாச்சே.”

ஐலி அவன் மனைவி. இறந்து ஆறு வருடமாகிறது. அந்த ஆரஞ்சுத் தட்டின் அடியில் அவன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தன் கையால் எழுதியிருந்தாள். அதைத் தொலைக்கக்கூடாது என்று மழைக்காலத்தில் அவன் புதருக்குள் மூன்று மணி நேரம் தேடியதை நான் பார்த்திருக்கிறேன்.

எறிந்தான். காலில் குறை இல்லை, இடுப்பில் குறை இல்லை. தட்டு தள்ளாடவில்லை. ஏரிக்கு மேலே போயிற்று, வலப்பக்கம் ஒதுங்கிற்று, போய்க்கொண்டே இருந்தது. ஓடை வந்து கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஏரியை இன்னும் மூடியிருந்த பனிக்கட்டி மேல் இறங்கி, சறுக்கி நின்றது.

“எம்மாடி! கொக்கியே காணோம், பாத்தியா?” என்று கைகொட்டிச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. “ஐலி தட்டாச்சேப்பா அது.”

கரை வரை நடந்துபோய் நின்றான்.

“ஐஸ் தாங்குமா?”

“வியாழக்கிழமை நானே துளை போட்டுப் பாத்தேன்.”

“நீ பாத்தாச்சுன்னா சரிதான்.”

நான் பொய் சொல்லவில்லை. துளை போட்டேன், அளந்தேன். கரையோரம் பதினைந்து சென்டிமீட்டர். ஓடை வாயில் நான்கு. எத்தனை என்று அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கைகளை விரித்துக்கொண்டு நடந்தான். நடுவில் திரும்பி என்னைப் பார்த்துக் கையசைத்தான். நானும் அசைத்தேன். தட்டை எடுக்கக் குனிந்தபோது பனிக்கட்டி உடைந்தது. பெரிய ஓசை ஒன்றும் இல்லை. ஈரத்துணி கிழிகிற மாதிரி இருந்தது.

விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கூப்பிட்டான். “கயிறு, கயிறு” என்றான். மீன் பிடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் வைத்திருப்பதுபோல என் பையிலும் கயிறு இருந்தது, பனியில் குத்தி ஏறும் ஆணிகளும் இருந்தன. பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். அவன் பதினொன்று முப்பத்தொன்றுக்கு எறிந்தான். அவசர எண்ணை நான் அழைத்தது பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு. நடுவில் இருந்த நேரத்தில் என்ன செய்தேன் என்றால், பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சத்தம் முன்பே நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் அழைத்தேன்.

விபத்து என்று கோப்பை மூடிவிட்டீர்கள். யாரும் என்மேல் சந்தேகப்படவில்லை. அவன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இன்று யாரும் கூப்பிடாமல் நானாகக் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். நேற்று மன்றத்தில் உங்கள் அறிக்கையை வாசித்தார்கள். இரண்டாம் பக்கத்தில், ‘தவறான எறிவினால் தட்டு ஏரிக்குள் சென்றது’ என்று இருக்கிறது.

அது தவறான எறிவு இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க உழைத்து நான் உருவாக்கிய எறிவு. கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தத் ‘தவறான’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.