களமருதூர் வரைக்கும் சார்ஜ்

"போறதுக்கு மட்டும் சார்ஜ் இருந்தா போதுங்க. திரும்பி வர வேணாம்."

கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் என் காது தானாக அங்கே போய்விட்டது. பக்கத்தில் அவள் கணவர். கள்ளக்குறிச்சியில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள்.

"இன்னா பேசற நீ? சின்ன பேட்டரி களமருதூர் போவத்தான் தாங்கும். பெரிசுன்னா உங்கம்மாவ பாத்துட்டு அன்னிக்கே வூடு வந்துடலாம். காசு ஜாஸ்திதான், இருக்கட்டுமே."

"அதான் வேணான்றேன். போய் எறங்கின உடனே கெளம்பு கெளம்புன்னு நின்னுக்கினு இருப்பீங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து எங்கம்மா பக்கத்துல ஒரு ராத்திரி படுத்ததில்ல. சின்னதுன்னா அங்க ராத்திரி பூரா சார்ஜ் போட்டே ஆவணும்."

"கரண்டு போயிட்டா?"

"இன்னொரு நாள் இருந்துட்டு வரலாம்."

எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஊர்ந்தது. பஸ்ஸும் அதன் பின்னாலேயே ஊர்ந்தது. கணவர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏன், உங்கம்மா எனக்கு மட்டும் டீயோட நிறுத்திக்கிறாங்க? உங்கக்கா வூட்டுக்காரருக்கு நாட்டுக்கோழி அடிக்கிறாங்க."

"அவரு தங்குறாரு. செருப்பக்கூட கழட்டாதவருக்கு யாரு கோழி அடிப்பாங்க?"

டிராக்டர் ஓரமாய் ஒதுங்கி வழிவிட்டது. அவர் போனை எடுத்தார்.

"அண்ணே, கொஞ்சம் முன்ன வண்டி பாக்க வந்தமே... ஆமாண்ணே. அந்த சின்ன பேட்டரியே புக் பண்ணிடுங்க."