எட்டுக் கதவுப் புத்தகம்

— இந்தா யூரானி, இந்தப் படப் புத்தகத்தோட முதல் பக்கத்துல அச்சடிச்சிருக்கிறது இவ்வளவுதான்: "கோழி எங்கே? கதவைத் தட்டு." இதை எதுக்கு நான் மறுபடி எழுதணும்?

— அது வேண்டாம் நுபியாக்கா. எனக்குப் படிக்க வராதுன்னு உனக்குத் தெரியும். படத்தைப் பாத்து நான் சொல்றேன்ல, அத எழுது. தாலியாவுக்குச் சனிக்கிழமையோட மூணு வயசு முடியுது. இன்னும் ஒரே ஒரு வாரம்னு கேட்டேன். மூணு வயசுக்கு மேல பிள்ளையச் சிறையில வச்சுக்க சட்டம் இல்லன்னுட்டாங்க. எங்க அக்கா டெய்சி வந்து நெய்வாவுல அவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவா.

— அங்க போயி அவ அச்சுல இருக்கிறதப் படிக்கட்டுமே.

— படிச்சா இவ ஊரைக் கூட்டிடுவா. ஒரு வார்த்தை மாறினாலும் ஆகாது இவளுக்கு.

— சின்னதுங்க அப்படித்தான். அடுத்து என்ன வரும்னு தெரியணும், தெரிஞ்சதே வரவும் வேணும். சரி சொல்லு, சீக்கிரம். பத்து மணிக்கு ஆள் எண்ண வந்துருவாங்க. கதவு திறக்கிறப்ப கையப் பின்னால கட்டி சுவத்தப் பாத்து நிக்கலேன்னா தெரியும்ல.

— கோழியைக் காணோம். பஸ்ஸுக்குள்ள போயிருச்சா? டக் டக் டக். அப்புறம் நான் டோன்யா எர்மெலிண்டா மாதிரி செருமிட்டு, "யாரது? நில்லு. ம்ம்... திறக்கலாம்"னு சொல்லுவேன்.

— அடிப்பாவி. அந்தக் காவல்காரி டோன்யா குரல்லயா? படிக்கிறப்பல்லாம் நீ எதுக்கு அப்படிச் சிரிக்கிறேன்னு இப்பத்தான் தெரியுது. அவ காதுல விழுந்துச்சுன்னா ஞாயித்துக்கிழமை யாரும் உன்னப் பாக்க வர முடியாது.

— ஒரு நாளைக்கு இருபது தடவை இதையே படிக்கிறேன்க்கா. எனக்கும் சிரிக்க ஏதாவது வேணாமா? பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறதும் அந்தச் செருமலுக்குத்தான்.

— உங்க அக்கா எர்மெலிண்டாவக் கண்டாளா கேட்டாளா? என்னன்னு எழுத?

— சளி பிடிச்ச ஆடு மாதிரின்னு எழுது.

— எழுதியாச்சு. அடியே தாலியா, அந்த அரெப்பா ரொட்டிய வச்சிட்டு வா. கையத் துடைச்சுக்க. எங்க, இந்த நுபியா பெரியம்மாவுக்கு ஒரு கதவு திறந்து காட்டு.

— டக் டக் டக்.

— ம், திற. ஏன் நிக்கிற? படத்து மேல ஒட்டியிருக்கிற அந்தக் கதவு அட்டையத் தூக்கு, அவ்வளவுதான்.

— இன்னும் சொல்லல.

— யாரு சொல்லல?

— டோன்யா.

— யூரானி, இவ ஒரு தடவையாவது தானா இதத் தூக்கியிருக்காளா?

— இல்லக்கா. நான் "திறக்கலாம்" சொல்லாம கை வைக்க மாட்டா. எவ்வளவு நல்ல பிள்ளைன்னு நான் பெருமைப்பட்டுக்கிட்டேன்.

— வெளியில இருக்கிற பிள்ளை இந்நேரம் எட்டு அட்டையையும் பிச்சு எறிஞ்சிருக்கும். இவ பொறந்ததுல இருந்து ஒரு கதவையும் தொட்டதில்ல. உங்க அக்கா வீட்டுல எல்லாரும் உள்ள ஓடுவாங்க, இவ வாசல்லயே நிப்பா.

— சொல்லாதக்கா.

— அப்ப அந்தச் செருமலையும் "திறக்கலாம்"கிறதையும் அடிச்சிடட்டுமா?

— அத அடிச்சா அதுல நான் எங்கக்கா இருக்கேன்? எனக்கு இன்னும் ஆறு வருஷம் கிடக்கு. என்னை எத வச்சு நினைப்பா?

— நீ சொல்றதத்தான் எழுதுவேன். மணி பத்தாகப் போகுது.

— அடிச்சிடு. "பிள்ளை தானே திறக்கும்"னு எழுது. எட்டுப் பக்கத்துலயும் எழுது.

— எழுதிட்டேன்.

— தாலியா, இங்க பாரு தங்கம். இனிமே யாரும் சொல்ல மாட்டாங்க. டக் டக் டக். நீயே திற.

— நானா?

— நீதான்.

— அப்ப நீயும் பெரியம்மாவும் சுவத்தப் பாத்து நில்லுங்க.

— நின்னுட்டோம் கண்ணு.

— கை?

— கையும் கட்டியாச்சு. திற.

— திறந்துட்டேன். கோழி இருக்கு. அம்மா, நீ திரும்பக் கூடாது. நான் வெளிய போற வரைக்கும் திரும்பக் கூடாது.