மூன்றாம் பாகத்தில் வெல்டு வீரன்

—கைய மேசை மேல வெய்யிடா இசக்கிதுரை. விரல மடக்காத. மடக்குனா முட்டியில விழும், அது இன்னும் பேஜாரு.

—பலராமன் அண்ணாச்சி, ஏற்கெனவே மூக்குல ரெத்தம் நிக்க மாட்டேங்கு. கதவையாவது தெறங்க.

—தொறந்தா இன்னா பண்ணுவ, கத்துவியா? ஞாயித்துக்கெயம ஓட்டி, ஓவர்டைமு. ஒன் ரூமு பசங்க எல்லாம் கம்பெனில கீறானுங்க. இந்த சேரப்பணஞ்சேரில நீ கத்துனா நாய் தான் வரும். கேட்டுக்கோ, நான் கேக்குறது சின்ன விசயம். மூணாம் பாகத்துல வீரன் வரணும்.

—வர மாட்டான்.

—அட்ச்சா வருவான்.

—ஆ… எம்மா!

—கத்தாத, இது வெறுங் கை. சுத்தியலு இன்னும் கீழ தான் கீது.

—நீங்க கதைய முழுசாப் பாத்தீகளா, இல்ல ஆரும் சொல்லிக் கேட்டீகளா?

—பாக்காமலா? நீ எடுத்துப் போட்ட வெல்டு வீரன் தொடரு மொத்தமும் போன்ல பாத்துட்டேன். வெல்டிங் முகமூடிய மாட்டிகினு தீப்பொறிக்குள்ள இருந்து வர்றான் பாரு, சோக்கா கீது. ஆனா அவன்கிட்ட ஒத வாங்குறானே ஒரு வில்லன், செயின்பிளாக்குன்னு பேரு வெச்சிக்கினு, சங்கிலியத் தூக்கினு… அது யாரு?

—அது கதை, அண்ணாச்சி.

—எங்க காண்டிராக்டரு பண்றத அப்டியே போட்டுட்டு, அவருக்கு அடியாளா ஒருத்தன வெச்சிட்டு, கதைன்னா? யார்றா அவன்?

—நீங்கதான்.

—அப்டி வா வயிக்கு. நம்மள மாதிரி பண்றதுக்கு கேண்டீன்ல இட்லி ஊத்துற அந்தோணிராஜு தான் கெட்ச்சானா? நான் அப்டியா நடப்பேன்? புள்ளத்தாச்சி மாதிரி நடக்குறான்.

—தொப்பை அவருக்குத்தான் பொருந்தி வந்துச்சு.

—எனக்கு தொப்பையா?

—அய்யோ! காது, காது!

—அத்த வுடு. இப்ப செயின்பிளாக்குக்குன்னே தனியா ஒரு தொடர் எடுக்குற. ரெண்டு பாகம் போட்டுட்ட. ரெண்டுலயும் வீரனக் காணோம். வீடியோவுக்குக் கீழ எழுதுறானுங்க பாரு, வீரன் எங்க, வீரன் எங்கன்னு. பென்னலூர்ல எங்க தெரு புள்ளைங்கோ என்கிட்டயே வந்து கேக்குதுங்கோ.

—வில்லன் கதை அது. வீரன் வந்துட்டாம்னா அம்புட்டுப் பேரும் அவனத்தான் பாப்பாங்க. செயின்பிளாக்கு எதுக்குச் சங்கிலியத் தூக்குனான், வீட்டுக்குப் போனா தூங்குதானா இல்லியா, ஒருத்தனும் கேக்க மாட்டான். வீரன் உள்ள வந்த ஒடனே வில்லன் வெறும் ஒத வாங்குத மூட்டை, பாத்துக்கிடுங்க.

—நல்லா தான் பேசுற. ஆனா கேட்டுக்கோ. ரெண்டாம் பாகத்துல செயின்பிளாக்கு ஒருத்தன ஏரிக்கரையில போட்டு மிதிக்கிறான். அவன் கத்துறான், கத்துறான். யாரும் வரல. அத்தோட முட்ஞ்சிப்போச்சி. அன்னிக்கி எனக்கு சோறு எறங்கல.

—எறங்கக் கூடாதுன்னுதான் எடுத்தோம்.

—டேய், நெசத்துல எவனும் வர மாட்டான்னு எனக்கா தெரியாது? செம்பரம்பாக்கம் கரையில எத்தினி பேர மிதிச்சிருப்பேன். ஒரு பையன் குறுக்க வந்து என் கையப் புடிச்சது கெடையாது. கதையிலயாவது வரட்டுமே.

—ஒருத்தன் வந்து ஒங்க கையப் பிடிக்கணும்னு ஆசையா இருக்கா, அண்ணாச்சி?

—நக்கலா?

—நெசமாத்தான் கேக்கேன். அய்யோ, வயித்துல மிதிக்காதீக! வயித்துல வேண்டாம்!

—ஏந்திரி. தண்ணிய குடி. கொப்புளிச்சி துப்பு. பல்லு தானே, போனா போவுது. இப்ப நெசத்த சொல்றேன், கேட்டுக்கோ. காண்டிராக்டருக்கு ஒன் கதை வோணாம். முகமூடிக்குள்ள கீறவன் வோணும். அவனப் பாத்துட்டு தான் லைன்ல பசங்க தலயத் தூக்கி கேள்வி கேக்குறானுங்களாம். நீ மூணாம் பாகம் எடு. அவன் முகமூடிய மாட்டிகினு வரட்டும். நான் பின்னாடி நிப்பேன். இல்லாங்காட்டி இப்பவே பேர சொல்லு. ரெண்டும் இல்லன்னா ஒன் வலது கை. பிரெஸ் மெசின்ல தகடு வெக்கிறவன் நீ. கை போனா இன்னா ஆவும்னு நான் சொல்லணுமா?

—தெரியும்.

—அப்பறம் இன்னா?

—கையவே எடுத்துக்கிடுங்க.

—இன்னா சொன்ன?

—சுத்தியல எடுங்கன்னேன். இந்தா, கைய மேசை மேல வச்சிட்டேன். நான் கண்ண மூடிக்கிடுதேன்.

—இரு, இரு. இவ்ளோ தெகிரியம் சும்மா வராதே. இவ்ளோ அடி வாங்கிகினு ஒருத்தன் யாருக்காக வாய மூடுவான்? கூடப் பொறந்தவனுக்கு. இல்ல, பக்கத்துப் பாயில படுக்கிறவனுக்கு. அந்த செவுத்துல மாட்டிகீதே வெல்டிங் முகமூடி, யாருது?

—ஹேமந்துது. வெல்டிங் வேல பாக்கான், வச்சிருக்கான். அதுக்கென்ன?

—வீரன் ஒசரம் தான் அவனும்.

—அவன் இல்ல, அண்ணாச்சி.

—நீ இவ்ளோ வேகமா சொன்னதே போதும். ஓட்டி முட்ஞ்சி கம்பெனி கேட்டுல வருவான்ல? அங்கயே வெச்சிக்கிறேன்.

—அவன் இல்லவே இல்ல! அவனுக்கு ஷெர்லின் புள்ளையப் பேசி முடிச்சிருக்கு, சர்ச்சுல கல்யாண ஓலை வாசிச்சாச்சு.

—கல்யாணத்துக்கு காலு எதுக்கு? ஒக்கார வெச்சி மோதரம் மாத்தட்டும்.

—ஒங்க காலப் பிடிக்கேன், போகாதீக. போன தடவையும் இப்படித்தான் விசாரிக்காமப் போயி…

—போன தடவ இன்னாடா?

—ஏரிக்கரையில ஒருத்தனப் போட்டு ஒடிச்சீகள்ளா. சங்கரநாராயணன்னு.

—ஆமா. ஒரு பொண்ணு கை மாட்டிகிச்சின்னு மெசின நிறுத்துனவன். காண்டிராக்டரு பேரு குட்த்தாரு. கம்பெனி கோட்டுல பேரப் பாத்தேன், ஒட்ச்சேன்.

—கோட்டப் பாத்தீக. மூஞ்சிய?

—மூஞ்சிய எவன் பாப்பான்? நெஞ்சுல பேரு தெச்சி கீது.

—ஒங்க காண்டிராக்டரு ரெண்டு ஆளுக்கு ஒரு கோட்டுதான் குடுக்காரு, அண்ணாச்சி. ஷிப்ட் முடிஞ்சவன் கழட்டிக் குடுப்பான். அடுத்தவன் அந்த வேர்வையோடயே மாட்டிக்கிட்டு உள்ள போவான். சங்கரநாராயணன் அன்னைக்குக் காலையிலயே பயந்து ஊருக்குப் பஸ் ஏறிட்டான். கோட்டுக்குள்ள இருந்தது மாரி.

—எந்த மாரி?

—என் கூட சங்கரன்கோயில்ல இருந்து வந்தவன். நான் அவன் இல்லன்னு ஒங்ககிட்டக் கத்துனானாம்.

—எல்லாரும் அப்டி தான் கத்துவானுங்க.

—பெறவு கத்துறத நிப்பாட்டிட்டான், நெனப்பு இருக்கா? நீங்க நம்பிட்டீகன்னா சங்கரநாராயணனத் தேடி ஊருக்கே போயிருவீகன்னு பயந்துட்டான்.

—ஆமா… நடுவுல திடீர்னு நான் தான், அடின்னான். திமிருன்னு நெனச்சி இன்னும் நாலு போட்டேன்.

—இடுப்புக்குக் கீழ அசைவு இல்ல அவனுக்கு. அவன் தங்கச்சி மாரிசெல்விதான் பொரட்டிப் பொரட்டிப் படுக்க வைக்கா. முகமூடிக்குள்ள இருந்தவன் அவன்தான், அண்ணாச்சி.

—பொய் சொல்ற.

—கதைக்காகச் சொன்னேன்னு நெனச்சீகளா, வீரன் வர மாட்டான்னு? அவனால எந்திரிக்க முடியாது. பேரு தெரிஞ்சா ஒங்க காண்டிராக்டரு மிச்ச உசுரையும் எடுத்துருவாரு. அதான் கையக் குடுக்கேன்னேன்.

—அப்ப ரெண்டாம் பாகத்துல கத்துறவன்…

—அவன் பட்டதத்தான், அவன் சொல்லச் சொல்ல எடுத்தோம். வீரனக் கூட்டியாராத, துரை, செயின்பிளாக்க மட்டும் காட்டு, மூஞ்சிய நல்லா பக்கத்துல காட்டுன்னு படுத்துக்கிட்டே சொன்னான்.

—ஏன்?

—மிதிக்கையில மூஞ்சி எப்படி இருக்குன்னு அந்த மனுசன் ஒருக்காவது பாக்கட்டும்னான்.

—…கைய மேசை மேல இருந்து எடு.

—அண்ணாச்சி?

—எடுறான்றேன்ல.

—ஒங்க போனு அடிக்கு.

—யாருன்னு தெரியும்.

—அண்ணாச்சி, மாரி பேரச் சொல்லிராதீக. ஹேமந்து பேரையும் சொல்லிராதீக. ஒங்களக் கையெடுத்துக் கும்புடுதேன்.

—வாய மூடிக்கினு மூக்கத் தொடை. …அலோ. சொல்லுங்க சார். ரூமுல தான் கீறேன். ஆமா, அட்ச்சேன், நல்லாவே அட்ச்சேன். கக்கிட்டான். இல்ல சார், ஹேமந்து இல்ல, அவன வுட்ருங்க. முகமூடிக்குள்ள கீறவன் பென்னலூர்க்காரன். ஓட மாட்டான், இங்கயே தான் ஒக்காந்துனு கீறான். ஆளுங்கள அனுப்புங்க. ரெண்டு மூணு பேரு பத்தாது சார், சேத்தே அனுப்புங்க. பேரா? கேட்டுக்கோங்க. பலராமன்.