ஆளையே மாத்திட்டாங்க

குடியை நிறுத்துங்கன்னுதானேம்மா கொண்டாந்து விட்டேன்? ஆளை மாத்துங்கன்னா சொன்னேன்? நீயே சொல்லு. ரிப்பேருக்குக் கொடுத்த ஃபேனை மிக்ஸியாக்கிக் கொடுத்தா யாராவது வாங்கிட்டுப் போவாங்களா?

உக்காரு, உக்காரு. ஃபாரத்தை அப்புறம் நிரப்பிக்கலாம். அந்த சிஸ்டர் இப்போதைக்கு நிமிர மாட்டா, கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டே இருப்பா. முதல் தடவையா? பாத்தாலே தெரியுது. செருப்பை வெளியிலயே விட்டுட்டு வந்திருக்க பாரு... இங்க அதெல்லாம் தேவையில்லை. யாரு உள்ள? வீட்டுக்காரரா? ...தம்பியா! அப்ப பரவாயில்லை. தம்பி திருந்தினா அவன் பொண்டாட்டி பாடு. புருஷன் திருந்தினா நம்ம பாடு.

சிரிக்கிற. சிரி, சிரி. எட்டு மாசம் கழிச்சு வந்து சிரி, பாப்போம்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பதினோரு வருஷம் குடிச்சாரு. எட்டு மாசத்துக்கு முன்னாடி இதே நாற்காலியில உக்காந்துதான் நானும் ஃபாரம் நிரப்பினேன். ஆறு வாரம் உள்ள இருந்தாரு. வெளிய வந்தாரு. அன்னையிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு தொடலை. சத்தியமா. அதுல குறை சொல்லவே மாட்டேன்.

அப்புறம் ஏன் இங்க உக்காந்திருக்கேன்னு பாக்கறியா? அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்! முந்தாநாள் அவராவே பையைத் தூக்கிக்கிட்டு வந்து உள்ள படுத்துக்கிட்டாரு. குடிக்காத மனுஷன்! எல்லாரும் குடிச்சுட்டு வந்து சேருவாங்க, இவரு குடிக்காம வந்து சேந்திருக்காரு. "என் சம்சாரம் வந்து பேசட்டும், அப்புறம் வீட்டுக்குப் போறதா வேண்டாமான்னு சொல்றேன்"ன்றாராம். வேண்டாமாவாம்! பதினெட்டு வருஷம் குடும்பம் பண்ணவளைப் பாத்து... பதினொன்றரைக்குக் கூப்பிட்டிருக்காங்க என்னை. அந்தக் கவுன்சலிங் ரூம்ல நான் பேசறதை வெச்சுத்தான் அவர் வருவாரா மாட்டாரான்னு தெரியும். காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி இறங்கலை எனக்கு.

இங்க என்ன பண்ணுவாங்கன்னு உன்கிட்ட சொன்னாங்களா? மாத்திரை கொடுத்து அனுப்பிடுவாங்கன்னு நினைச்சுக்காத. உடம்பு, மனசு, தூக்கம், சாப்பாடு, குடும்பம்னு எல்லாத்தையும் சேத்துப் பாக்கணுமாம். காலையில மூச்சை இழுத்து விடறது. அப்புறம் தோட்டத்துல மண்ணு கொத்தறது. மத்தியானம் முறை போட்டு வெங்காயம் உரிக்கிறது. சாயங்காலம் வட்டமா உக்காந்து அழறது... ஆம்பளைங்கம்மா! மத்தியானம் உரிச்ச வெங்காயத்துக்கு சாயங்காலம் அழறாங்கன்னு நினைச்சேன் நான்.

எல்லாத்துக்கும் மேல அந்த நோட்டு. குடி பெருசில்லையாம். குடிக்கிறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒரு நினைப்பு வருதாம், அதுதான் பெருசாம். அந்த நினைப்பைப் பிடிச்சு நோட்டுல எழுதணும். மூணு கட்டம் போட்டு... என்ன நடந்துச்சு, நான் என்ன நினைச்சேன், என்ன பண்ணேன். நினைப்பை மாத்தினா ஆளு மாறிடுவானாம். கவுன்சலிங் மேடம் சொல்றப்போ நல்லாத்தான் இருந்துச்சு. மாறி வந்தப்புறம்தான் வினையே.

ஆசை வந்தா இருபது நிமிஷம் தாக்குப் பிடிச்சா போதும், தானா அடங்கிடும்னு சொல்லிக் கொடுத்துட்டாங்க. அந்த இருபது நிமிஷம் கைக்கு வேலை வேணுமாம். இவரு என்ன பண்றாரு... பாத்திரம் தேய்க்கிறாரு. விடிஞ்சா பாத்திரம், அந்தி சாஞ்சா பாத்திரம். கழுவி வெச்சதையே எடுத்துக் கழுவறாரு. என் தோசைக்கல்லை, பத்து வருஷமா பழக்கி வெச்சிருந்த கல்லு, வெள்ளி மாதிரி தேய்ச்சு வெச்சுட்டாரு. இனிமே அதுல எதைப் போட்டாலும் ஒட்டும். அதைச் சொன்னா என்ன சொல்றாரு தெரியுமா? "நீ கத்தறப்போ எனக்கு வருத்தமா இருக்கு"ன்றாரு.

இதுக்கு என்னம்மா பதில் சொல்றது? முன்னாடியெல்லாம் சண்டைன்னா சண்டை. அவர் ஒண்ணு சொல்லுவாரு, நான் ஒம்போது சொல்லுவேன். அவர் கதவை அறைவாரு, நான் தட்டை அறைவேன். அழகா முடிஞ்சு போகும். இப்ப, "நீங்க என்னை மதிக்கிறதே இல்லை"ன்னு ஆரம்பிச்சா, துண்டால கையைத் துடைச்சுக்கிட்டு வந்து எதிர்ல உக்காந்துக்கறாரு. "இது நடந்ததா, நீயா நினைச்சுக்கிட்டதா?"ன்னு பொறுமையா கேக்கறாரு. பொறுமையாம்மா! எனக்கு அப்படியே உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வரும்.

உன் தம்பி பொண்டாட்டி வரலையா? ...ஓ, விட்டுட்டுப் போயிட்டாளா, அதனாலதான் நீ வந்திருக்கியா. அவ போனவ போனவதானா? சரி விடு. இவன் திருந்திட்டான்னு தெரிஞ்சா வருவா. வந்து பாத்துட்டு திரும்பிப் போயிடுவா, அதையும் சொல்லி வெக்கறேன்.

நான் சும்மா இருந்தவ இல்லைம்மா. அந்தப் பதினோரு வருஷமும் வண்டியை ஓட்டினது நானு. காலையில எழுப்பி, தலையில தண்ணி ஊத்தி, சட்டையை மாட்டி... முடியலைன்னா அவங்க சூப்பர்வைசருக்கு ஃபோன் பண்ணி காய்ச்சல்னு சொல்லுவேன். நான் சொன்ன காய்ச்சலையெல்லாம் சேத்தா ஒரு பெரியாஸ்பத்திரி நிரம்பிடும். அவங்க தாய்மாமா ஒருத்தரை மூணு தடவை சாகடிச்சிருக்கேன். மூணாவது தடவை சூப்பர்வைசரே கேட்டாரு, "இவரு போன வருஷம்தானேம்மா போனாரு?"ன்னு. "அது பெரிய மாமா, இது சின்ன மாமா"ன்னேன். அந்த மனுஷன் இன்னும் கல்லுக்குண்டு மாதிரி இருக்காரு. ஒரே மாமாதான்.

அந்த சூப்பர்வைசர் சொல்லுவாரு, "நீங்க இல்லைன்னா உங்க வீட்டுக்காரர் என்னைக்கோ தெருவுக்கு வந்திருப்பாரு"ன்னு. எதிர்வீட்டு டீச்சர் சொல்லுவா, "எப்படித்தான் தாங்கறீங்களோ, உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும்"னு. படியில ஏறி இறங்கறப்போ பொம்பளைங்க எனக்கு வழி விடுவாங்கம்மா. என் பொண்ணு பத்தாவது படிக்கிறா. அவளும் நானும் ஒரே கட்சி. அவர் சத்தம் போட்டா என் கையைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா.

இப்ப? சூப்பர்வைசர் ஃபோனே பண்றதில்லை. எதுக்குப் பண்ணணும்? டீச்சர் வாசல்ல நின்னுக்கிட்டு, "உங்க வீட்டுக்காரர் எவ்வளவு மாறிட்டாரு, அன்னைக்கு லிஃப்ட் ஓடாதப்போ எங்க கேஸ் சிலிண்டரை மூணு மாடி தூக்கிட்டு வந்தாரு"ன்றா. அவரைக் கும்பிடறா இப்ப. பொண்ணு கணக்குல சந்தேகம்னா நோட்டைத் தூக்கிக்கிட்டு அப்பாகிட்ட போறா. அன்னைக்கு ரெண்டு பேரும் எதுக்கோ சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. "என்னடி?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்லைம்மா"ன்றா. பதினோரு வருஷம் தண்ணி ஊத்தினது நானு, பூத்தது அவங்க பக்கம்.

இரு, மணி என்ன? பதினொண்ணு பத்தா? இருக்கு, இருக்கு.

முந்தாநாள் என்னாச்சுன்னா... நான் வீட்டுலயே துணி தைக்கிறவ. முன்கட்டுல மிஷின் போட்டிருக்கேன். அதோட டிராயர்லதான் நூலு, ஊசி, பட்டன் எல்லாம் இருக்கும். இவரு சட்டையில பட்டன் அந்து போச்சு. என்கிட்ட கொடுக்க வேண்டியதுதானே? கொடுக்க மாட்டாரு. அவர் வேலையை அவரே பண்ணிக்கணுமாம், அதுவும் இங்க சொல்லிக் கொடுத்ததுதான். தையக்காரியைக் கட்டிக்கிட்டு அவ மிஷினுக்கு முன்னாடியே உக்காந்து கைத்தையல் போடறாரு, எப்படி இருக்கும் எனக்கு? சரி, டிராயரைத் திறந்திருக்காரு. உள்ள ஒரு பாட்டில் இருந்திருக்கு.

ஆமாம்மா. அந்தப் பாட்டில்தான். அவர் எப்பவும் குடிக்கிறதே அதுதான்.

குடிக்கலைன்னுதான் முதல்லயே சொன்னேனே! தொடலை. மூடியைக் கூடத் திருகலை. எடுத்து மேஜை மேல வெச்சுட்டு பாத்திரம் தேய்க்கப் போயிட்டாரு. நான் வர்றப்போ தேய்ச்சுக்கிட்டு இருந்தாரு. முடிச்சாரு, கையைத் துடைச்சாரு, என்னைப் பாத்தாரு. பையை எடுத்து ரெண்டு சட்டை, அந்த நோட்டு, அவ்வளவுதான். பொண்ணுகிட்ட மட்டும் "பரீட்சையை நல்லா எழுது"ன்னு சொன்னாரு. படியிறங்கிட்டாரு. லிஃப்ட் மெக்கானிக்கு... லிஃப்ட்ல போகலை.

யாரு வெச்சதா? வீடுன்னா நாலு பேர் வருவாங்க, போவாங்க... துணி கொடுக்க வர்றவங்க... பழைய பாட்டிலா இருக்கும். அவரே என்னைக்கோ ஒளிச்சு வெச்சிருப்பாரு.

...சீல் உடைக்காத பழைய பாட்டில்தான். ஏன், இருக்கக் கூடாதா?

என்னம்மா அப்படிப் பாக்கற? கவுன்சலிங் மேடமும் ஃபோன்ல இப்படித்தான், குரலாலயே பாத்தாங்க. சரி, நான்தான் வெச்சேன். இப்ப என்ன? தப்பா நினைச்சு வெக்கலை. லிஃப்ட்டை ரிப்பேர் பண்ணி முடிச்சா இவரு என்ன பண்ணுவாரு தெரியுமா? உடனே ஆளை ஏத்த மாட்டாரு. மணல் மூட்டையை அடுக்கி, மேல ஏத்தி, கீழ இறக்கி... தாங்குதான்னு பாப்பாரு. தாங்கினாத்தான் கையெழுத்துப் போடுவாரு. அவர் தொழில்ல அது நியாயம். அதையே வீட்டுல நான் பண்ணா துரோகமா? எட்டு மாசம் ஆச்சு, தாங்குதான்னு ஒரு தடவை பாக்கக் கூடாதா? நாளைக்கு வெளியில எவனோ ஒருத்தன் கையில கொடுத்து விழறதுக்கு, வீட்டுலயே தெரிஞ்சுடட்டும்னு...

தாங்கிட்டாரே! நான் ஒத்துக்கறேன்! அதை அந்த ரூம்ல போய்ச் சொல்றதுக்குத்தான் வந்திருக்கேன். "நீங்க பாஸாயிட்டீங்க, கிளம்புங்க"ன்னு சொன்னா வந்துடுவாருல்ல? வருவாருல்லம்மா?

எது? ...டிராயரைத் திறப்பாருன்னு எப்படித் தெரியும்னா... பட்டன் அந்தா திறப்பாரு. பட்டன்... அது தானா எங்க அறும், நான் தைச்ச சட்டைம்மா அது. கத்திரியால ஒரு வெட்டு. ரெண்டாவது பட்டன். மேல் பட்டன்னா போடாம விட்டுடுவாருன்னு...

எங்கம்மா எழுந்திரிக்கற? உன்னைக் கூப்பிடலையே இன்னும். ஃபாரத்தை இங்கயே வெச்சுட்டுப் போற பாரு... ஏம்மா! அந்தக் கதவு கவுன்சலிங் ரூமு. தம்பி இந்தப் பக்கம்... ஏம்மா!

போயிட்டா.

சிஸ்டர்... சிஸ்டர், உங்களைத்தான். இப்ப உள்ள போச்சே அந்தப் பொண்ணு, அது யார்கிட்ட பேசுது? மேடம்கிட்டயா? அவ்வளவுதான். எல்லாத்தையும் போட்டு உடைச்சுடுவா. என் வீட்டுக்காரரும் அந்த ரூம்லதானே இருக்காரு?

அவளைக் கூப்பிடுங்க சிஸ்டர். இல்லை, சொல்ல வேண்டாம்னு சொல்லலை. நான்தான் சொல்லணும். அவளுக்கு முழுசாத் தெரியாது, பாதியிலயே எழுந்து போயிட்டா. பரிசோதனைக்கு வெச்சேன்னு மட்டும்தான் சொல்லுவா. அதைக் கேட்டா அவர் மன்னிச்சுக்கூட விட்டுடுவாரு. இப்பத்தான் எல்லாத்தையும் மன்னிக்கிறாரே...

நீங்க கேளுங்க சிஸ்டர். ஒரு நிமிஷம் அந்தக் கம்ப்யூட்டரை விடுங்க. அன்னைக்கு சாயங்காலம் துணி கொடுத்துட்டு நான் அஞ்சரைக்கே வந்துட்டேன். வீட்டுக்குள்ள போகலை. ரெண்டாம் மாடிப் படியில உக்காந்துக்கிட்டேன். குடிக்க நேரம் கொடுக்கலாம்னு. அரை மணி நேரம். உக்காந்துக்கிட்டு என்ன பண்ணேன் தெரியுமா? பக்கெட் எங்க இருக்கு, பழைய துண்டு எங்க இருக்கு, எலுமிச்சம்பழம் இருக்கா, பொண்ணை டீச்சர் வீட்டுல விட்டுடலாமா, சூப்பர்வைசர்கிட்ட இந்தத் தடவை யாரைச் சாகடிக்கலாம்... மனசுக்குள்ள ஒண்ணொண்ணா எடுத்து வெச்சுக்கிட்டேன். கை காலெல்லாம் எனக்கு அப்படி ஒரு சுறுசுறுப்பு. எட்டு மாசத்துல அன்னைக்குத்தான் எனக்கு நல்லா பசிச்சுது சிஸ்டர்.

அப்புறம் கதவைத் திறந்து உள்ள போனேன். பாட்டில் அப்படியே இருக்கு. அவர் குடிக்கலை.

எனக்கு... எனக்கு ஏமாத்தமாப் போச்சு.

அது என் முகத்துல தெரிஞ்சுடுச்சு. அதைப் பாத்துட்டுத்தான் பையை எடுத்தாரு. பாட்டிலுக்காகப் போகலை அவரு.

சிஸ்டர்... நீங்களும் எழுந்து போயிடாதீங்க.