பழுப்புக் கோப்போடு வந்த ஐந்தாவது ஆள்

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி மூன்றையும் ஆய்வாளர் கேட்டபடி தனித்தாளில் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். வயது ஐம்பத்து மூன்று. தொழில், சினிமாவுக்குத் திரைக்கதை எழுதுவது. வேலை செய்யும் இடத்தில் என்னை ‘வளவளா’ என்பார்கள். (பட்டப்பெயர் தேவையில்லை என்று ஆய்வாளர் சொன்னார். அந்தப் பெயரைச் சொன்னால்தான் அங்கே என்னை அடையாளம் காட்டுவார்கள் என்பதால் இருக்கட்டும் என்றேன்.)

நான்கு பாகம் கொண்ட ஒரு மாயாஜால நாவலை ஒரே படமாக எடுப்பதற்காக, தயாரிப்பாளருடைய அலுவலகத்தின் மாடியறையில் மூன்று மாதமாகக் கதை விவாதம் நடந்து வந்தது. அந்த நாவலில் இரண்டு நிலாக்களும், பேசுகிற கோட்டை ஒன்றும், இருநூற்றுப் பன்னிரண்டு பாத்திரங்களும் உண்டு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அட்டை எழுதிச் சுவரில் ஒட்டுவது எங்கள் வழக்கம். படத்தில் இருப்பவர்களுக்குப் பச்சை அட்டை, இல்லாதவர்களுக்குச் சிவப்பு, யாரென்றே தெரியாதவர்களுக்கு மஞ்சள். முதலில் மஞ்சள் நாற்பது இருந்தது. போன வாரம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது குடைக்காரனுடையது.

குடைக்காரன் என்பவன் மழையே பெய்யாத ஒரு நாட்டில் மடக்கிய குடையோடு பதினோரு இடங்களில் வந்து நிற்பவன். பேச மாட்டான். ஏன் நிற்கிறான் என்று நாவலில் யாரும் கேட்பதும் இல்லை. அவன் யார் என்பதை நாவலாசிரியை இருபத்திரண்டு வருடமாக ஒருவரிடமும் சொல்லாமல், ஒரே ஒரு தாளில் கையால் எழுதி, உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து, வேறு வழியே இல்லையென்றால் மட்டும் இயக்குநர் பிரிக்கலாம் என்ற நிபந்தனையோடு எங்கள் அலமாரியில் வைத்திருந்தார். நகல் கிடையாது. திங்கட்கிழமை காலை அந்த உறை அலமாரியில் இல்லை. அதை எடுத்தவன் நான் என்று புகார் கொடுத்திருக்கிறார்கள். நான் எடுக்கவில்லை.

விவாதத்தில் கலந்துகொண்டவர்கள் நான்கு பேர் என்று புகாரில் இருக்கிறது: இயக்குநர், தயாரிப்பாளரின் சார்பில் வருகிற அவருடைய மச்சான், நாவலாசிரியை, நான். இது தவறு. ஐந்து பேர் இருந்தோம்.

ஐந்தாமவர் முதல் நாளே வந்தார். நாங்கள் படியேறிப் போனபோது ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கலாம். வெள்ளை அரைக்கைச் சட்டை, மடியில் ஒரு பழுப்புக் கோப்பு. எந்த அலுவலகத்திலும் கோப்பு வைத்திருப்பவரை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பது ஆய்வாளருக்கும் தெரிந்திருக்கும். அவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். நாங்களும் தலையசைத்தோம். அதன் பிறகு தேநீர் வந்தது, ஐந்து தம்ளர்.

அவரை இயக்குநர் ‘சார்’ என்றார், ஏனென்றால் தயாரிப்பாளர் அனுப்பிய ஆள் என்று நினைத்திருந்தார். மச்சான் ‘ஐயா’ என்றார், நாவலாசிரியையின் வீட்டுப் பெரியவர் என்று நினைத்து. நாவலாசிரியை ‘அண்ணா’ என்றார், இயக்குநருடைய உறவு என்று நினைத்து. நான் ‘வாத்தியாரே’ என்றேன். இயக்குநர் இவரிடம்தான் தொழில் கற்றிருக்க வேண்டும் என்பது என் கண்டுபிடிப்பு. அவர் நான்கு பெயருக்கும் திரும்பிப் பார்த்தார். இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரியும். அப்போது தெரிந்திருந்தால் மின்விசிறிக்குக் கீழே இருந்த என் இடத்தை அவருக்கு விட்டுக் கொடுத்திருக்க மாட்டேன்.

மூன்று மாதத்தில் அவர் கருத்து என்று சொன்னது ஒரே ஒரு தடவைதான். குடைக்காரன் ராஜாவின் தொலைந்துபோன தம்பி என்று நான் ஒரு காட்சி எழுதியிருந்தேன். படம் பார்ப்பவன் ‘யாருய்யா அவன்’ என்று பக்கத்து சீட்டுக்காரனைக் கேட்டுக்கொண்டே வெளியே போகக்கூடாது என்பது என் கட்சி. காட்சியை நானே வாசித்து, நானே கண் கலங்கி, நானே துடைத்துக்கொண்டேன். அப்போது அவர், “வேண்டாம். தெரியாமலே இருக்கட்டும்” என்றார். அதன் பிறகு என் கையிலிருந்த தாள்களை வாங்கி, ஆறு பக்கத்திலும் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுத்தார். இயக்குநர் காட்சியை வெட்டினார். மச்சான் சம்மதித்தார். நாவலாசிரியை மனம் நெகிழ்ந்து, தன் நாவலின் முதல் பாகத்தில் கையெழுத்துப் போட்டு அவருக்குக் கொடுத்தார். ‘அன்புடன்’ என்று மட்டும் எழுதினார். பேர் தெரியாததால் அப்படி எழுதினார் என்பது அன்று யாருக்கும் உறைக்கவில்லை. நான் வீட்டுக்குப் போய், இயக்குநரின் குருநாதர் என் காட்சியை ஆறு பக்கமும் படித்தார் என்று மனைவியிடம் பெருமையடித்தேன்.

உண்மையை மட்டும் சொல்வதென்று வந்துவிட்டதால் எனக்குப் பாதகமான ஒன்றையும் சொல்கிறேன். வியாழக்கிழமை பகலில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அந்த உறையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிரிக்கவில்லை. தாளை நான்காக மடித்திருந்ததால் ஒரு எழுத்தும் தெரியவில்லை. அவர் சாப்பிடப் போகாமல் நாற்காலியிலேயே இருந்தார் என்பதை அதன் பிறகுதான் கவனித்தேன். அவர் எழுந்து வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மற்ற மூவரும் கிளம்பிவிட்டார்கள். அன்றைய தாள்களை அலமாரியில் வைத்தேன். சாவி பூட்டில்தான் இருந்தது. கையெல்லாம் மை. கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அவர் அலமாரியருகே கோப்போடு நின்றுகொண்டிருந்தார். “பூட்டிட்டேன்” என்று சாவியை என்னிடம் நீட்டினார். ஆகவே அலமாரியைக் கடைசியாகப் பூட்டியவன் நான் அல்ல. அவர் பூட்டினார், நான் நன்றி சொன்னேன். (எத்தனை நிமிடம் கை கழுவினீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். நான் கண்ணாடியில் தலைமுடியையும் சரி செய்ததால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.)

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அலமாரியைத் திறந்தேன். பூட்டு உடையவில்லை, உறை இல்லை. ஜன்னலோர நாற்காலியும் அன்று காலியாக இருந்தது. இயக்குநர், “அண்ணே, நீங்கதானே கடைசியா பூட்டுனீங்க?” என்றார்.

“நான் எங்க பூட்டுனேன், உங்க வாத்தியார்தான் பூட்டுனார்” என்றேன்.

“எந்த வாத்தியார்?”

“அதான், அங்க உக்காந்திருப்பாரே.”

“அவரு இவங்க மாமா அனுப்பின ஆளாச்சே” என்று மச்சானைக் காட்டினார். மச்சான், “மாமா யாரையும் அனுப்பலையே. அவரு அம்மாவோட வந்தவருங்க” என்று நாவலாசிரியையைக் காட்டினார். அந்த அம்மாள், “எனக்கு யாரு இருக்கா கூட்டிட்டு வர? நான் தனியா ஆட்டோல வர்றவ” என்று சொல்லி இயக்குநரைப் பார்த்தார். அதன் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் சுவரில் இருந்த மஞ்சள் அட்டையைப் பார்த்தார்கள்.

மாலைக்குள் புகார் தயாராகிவிட்டது. அதில் நான்கு பேர். படிக்கட்டில் இயக்குநரை நிறுத்திக் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. யாருன்னே தெரியாத ஒருத்தர் சொன்னாருன்னு நான் ஒரு காட்சியையே வெட்டுனேன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு என்னை எவன் இயக்குநர்னு மதிப்பான்?” என்றார்.

“உங்க மதிப்புக்கு நான் திருடனாகணுமா?”

“நீங்க எழுத்தாளரு. ஏதாவது ஒண்ணு எழுதிச் சமாளிச்சுக்குவீங்க.”

அதன் பிறகு என் பெயரைப் படத்திலிருந்து எடுத்துவிட்டதாக மச்சான் தொலைபேசியில் சொன்னார். முப்பது வருடத்தில் எனக்கு வாய்த்த ஒரே பெரிய படம். என் மனைவி நான் சொன்னதை நம்பினாள், ஆனால் நம்பிய விதம் சந்தோஷப்படும்படி இல்லை. “பஸ்ல பக்கத்துல உக்காந்த ஆளோட மருமக எதுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனாங்கற வரைக்கும் அரை மணி நேரத்துல கறந்துடுவீங்க. மூணு மாசமா ‘நீங்க யாரு’ன்னு கேக்க வாய் வரலியா?” என்றாள். வரவில்லை. முதல் வாரம் கேட்டிருந்தால் மரியாதைக் குறைவு. இரண்டாம் மாதம் கேட்டிருந்தால் அசிங்கம்.

ஐந்தாவது ஆளை நானே கற்பனை செய்துவிட்டேன், அது என் தொழில், என்று மற்ற மூவரும் இங்கே சொல்லியிருப்பதாக ஆய்வாளர் தெரிவித்தார். நான் கற்பனை செய்திருந்தால் அவருக்கு ஒரு பெயராவது வைத்திருப்பேன். அவர் வட்டமும் புள்ளியும் போட்ட ஆறு பக்கத்தையும் ஒப்படைத்திருக்கிறேன். வட்டம் எவனும் போடலாம் என்று ஆய்வாளர் சொன்னதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொண்டேன்.

மேற்படி வாக்குமூலத்தை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் வசனத்தைத் திருத்த அனுமதி கேட்டேன், மறுக்கப்பட்டது. மற்றபடி நான் சொன்னதுதான். கையெழுத்திட்டேன். சாட்சிக் கையெழுத்து வாங்க எழுத்தர் தாள்களை வராந்தாவுக்கு எடுத்துப் போய்க் கொண்டுவந்தார்.

கையெழுத்துக்குப் பின் சேர்த்தது:

சாட்சி என்று இருந்த இடத்தில் பெயர் இல்லை. ஒரு வட்டமும் அதற்குள் ஒரு புள்ளியும் இருந்தன. இதை யார் போட்டது என்று எழுத்தரைக் கேட்டேன். “உங்ககூட வந்தவர்தானே சார்? வராந்தால கோப்போட உக்காந்திருந்தாரே” என்றார். நான் தனியாக வந்தேன். ஆய்வாளர் எழுந்து வெளியே போனார். பெஞ்சில் காலி தம்ளர் ஒன்று இருந்தது, இன்னும் சூடு ஆறவில்லை. திரும்பி வந்து அந்தத் தம்ளரை மேசையில் வைத்தார். பிறகு, “நான் மேலதிகாரி யாரோ பார்வையிட வந்திருக்காருன்னு நெனச்சேன். நான்தான் டீ குடுக்கச் சொன்னேன்” என்றார்.

அதன் பிறகு, “சார், இதை மட்டும் விட்டுடலாமே. வழக்குக்கு அவசியமில்ல பாருங்க” என்றார். என்னை அவர் சார் என்றது அதுதான் முதல் தடவை.

“இதேதான் சார் எங்க இயக்குநரும் படிக்கட்டுல சொன்னாரு” என்றேன்.

ஆய்வாளர் நான் ஒப்படைத்த ஆறு பக்கத்தையும் இந்தத் தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். ஏழு வட்டமும் ஒரே கை. பிறகு எழுத்தரிடம், “எழுதிக்கோய்யா. விவாதத்துல கலந்துக்கிட்டவங்க அஞ்சு பேரு” என்றார்.

இதுவரை சொன்னது எல்லாம் நடந்தது நடந்தபடி. ஒன்றும் கூட்டவில்லை, வழக்கத்துக்கு மாறாக. மறுபடி கையெழுத்திடுகிறேன். இந்த முறை சாட்சியாகக் கையெழுத்திடுபவர் நிலையத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவர். அவர் யார், எங்கிருந்து வருகிறார், யார் கூட்டி வந்தது என்று ஆய்வாளரும் எழுத்தரும் நானும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவரிடம் பேனா கொடுக்கப்பட்டது.