போன் பைக்குள்ளைதான் கிடந்தது

இதிலை இரும் தம்பி பானுஜன், அவசரப்படாதையும். அன்ரி கீழைதான் வாறா, ஆறுதலா வரட்டும். அந்தப் பச்சைத் தொப்பி தெரியுதோ? மாட்டு வேலியிலை படலையைத் திறக்கத் தெரியாமல் நிண்டு மல்லுக்கட்டுறா. இல்லை, நீர் போகவேண்டாம். எனக்கு உம்மோடை கொஞ்சம் தனியக் கதைக்கவேணும், அதுக்குத்தான் இழுத்துப் பறிச்சு முன்னுக்கு ஏறினனான்.

மூச்சு வாங்குதுதான். என்ன செய்யிறது. இன்டர்லாக்கனிலை ஹோட்டல் குசினியின்ரை பின்கதவாலை இந்த மலையைப் பாத்துப் பாத்துக் கோப்பை கழுவினதோடை சரி, ஒருநாளும் ஏறினதில்லை. மலை ஏறுறது சுவிஸ்காரரின்ரை விளையாட்டு, வேலை முடிஞ்சு வாற எங்களுக்கு மாடிப்படி காணும் எண்டு நினைச்சனான். எங்கடை வீட்டிலை முதல் ஏறினது சாயிசன்தான். ஞாயிறு எண்டால் விடிய நீர் வந்து மணி அடிப்பீர், அவன் சப்பாத்தைக் கையிலை தூக்கிக்கொண்டு ஓடுவான்.

சேச்சே, நான் உம்மைக் குறை சொல்லேல்லை. ஏன் முகத்தைத் தொங்கப்போடுறீர்? என்ரை பிள்ளை விழுந்ததுக்கு நீர் என்ன செய்வீர். போன வருசத்துக்குப் பிறகு எங்கடை வீட்டுப் பக்கமே வராமல் இருந்தனீர் பாரும், அதுக்குத்தான் கோவம். ரெண்டு பிள்ளையள் போனமாதிரிக் கிடந்தது வீடு.

அன்ரிதான் உம்மைக் கூப்பிடச் சொன்னவ. திதி போன கிழமையே வந்திட்டுது, ஐயரைக் கொண்டு முதல் வருசத்து ஆட்டத்திவசமும் செய்தாச்சு. இஞ்சத்தைக் கலண்டரிலை இண்டைக்குத்தானே அந்த நாள். அவன் கடைசியா நிண்ட இடத்திலை ஒரு வாய் சாப்பாடு வைக்கவேணுமாம். எழும்பிப் புட்டு அவிச்சு, கத்தரிக்காய் பொரிச்சுக் குழம்பு வைச்சு, சாப்பாட்டுக் கரியரிலை கட்டி எடுத்துக்கொண்டு வாறா. தாருமப்பா நான் தூக்கிறன் எண்டால் தரமாட்டாவாம். முழங்காலுக்கு ஊசி போடுற மனிசி. இந்தப் புல்வெளி சுவர் மாதிரி ஏறுது, ரெண்டு இடத்திலை தவண்டு வந்தவ. அப்பவும் கரியரை விடேல்லை.

சாப்பாட்டுக்கு மட்டும் வரேல்லை தம்பி. மேலை போனதும் உம்மட்டை ஒண்டு கேக்கப்போறா. நான் சொல்லிறன், முதல் இந்தத் தண்ணியைக் குடியும்.

அவவின்ரை குணம் உமக்குத் தெரியாததோ. மத்தியானம் எண்டால் அவனுக்குப் போன் அடிப்பா. சாப்பிட்டியோ. அவ்வளவுதான், வேறை கதையில்லை. படிக்கேக்கையும் அடிச்சவ, வேலைக்குப் போனாப் பிறகும் அடிச்சவ. எடுக்காட்டி மனிசி வீட்டுக்குள்ளை விசர் பிடிச்சமாதிரி நடக்கும். ஒருக்கா நீச்சல் குளத்திலை நிண்டவன் எடுக்கேல்லை எண்டு, அங்கை வேலை செய்யிறவையைக் கொண்டு மைக்கிலை அவன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுவிச்சவ. நீரும் நிண்டனீரோ? ஓமோம், நீங்கள் பெடியள் எல்லாரும் அதை வைச்சு எவ்வளவு நாள் பகிடி பண்ணினனீங்கள். அந்த வெக்கத்திலை பழகினவன்தான், பிறகு எங்கை நிண்டாலும் மணி கேட்டால் கை தன்பாட்டிலை போனுக்குப் போகும். சாப்பிட்டன் அம்மா எண்டிட்டு வைப்பான். சாப்பிட்டிருக்க மாட்டான், அது வேறை.

எட்டிப் பாரும், எங்கை நிக்கிறா? படலை கடந்திட்டாவோ. மாடுகளுக்குப் பயத்திலை சுத்திக்கொண்டு வருவா, கொஞ்சம் நேரம் இருக்கு.

அங்கை பிடிச்சுக்கொண்டு நடக்கக் கல்லிலை அடிச்சிருக்கிற சங்கிலி, அதுதானே இடம்? சொல்லவேண்டாம், தலையாட்டினால் காணும். இவ்வளவு சின்னனாக் கிடக்கு. நான் பெரிய பயங்கரமான இடமொண்டை நினைச்சு வைச்சிருந்தன்.

அண்டைக்கும் அவ அடிச்சவ தம்பி. மணி போனது, எடுக்கேல்லை. திரும்பத் திரும்ப அடிச்சவ, பொலிஸ் வந்து கதவைத் தட்டுமட்டும். அதிலையிருந்து இந்த ஒரு கேள்விதான். நான் அடிக்கேக்கை அவன் சங்கிலியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவனோ, போனை எடுக்கக் கையை விட்டவனோ. என்னட்டைக் கேட்டு அலுத்துப்போய், பானுஜன் பக்கத்திலை நிண்டவன், அவன் சொல்லட்டும் எண்டு நிக்கிறா. அதைத்தான் கேக்கப்போறா.

பொலிஸிலை அவன்ரை சாமானை வாங்கப் போனது நான்தான். பையைக் கீழை பள்ளத்திலை எடுத்தவையாம், பூட்டினபடி. போனை மேலை பாதையிலை, சங்கிலியடியிலை. கண்ணாடிகூட உடையேல்லை. திறந்து பாத்தால் அம்மா, அம்மா, அம்மா எண்டு எடுக்காத கோல் வரிசையா நிக்குது. நான் காருக்குள்ளை இருந்து அழுதிட்டு, போனைப் பைக்குள்ளை வைச்சு, சிப்பை இழுத்துப் பூட்டிக்கொண்டு வீட்டை போனன். இஞ்சை பாருமப்பா, போன் பைக்குள்ளைதான் கிடந்தது, அவனுக்கு மணி கேட்டே இருக்காது எண்டன். நம்பினமாதிரியும் இருக்கிறா, நம்பாத மாதிரியும் இருக்கிறா.

இல்லை, நீர் வாயைத் திறக்கவேண்டாம். எனக்குக் கேக்க ஏலாது. நீர் ஏன் எங்கடை வீட்டுப் பக்கம் வரேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கீட்டுது. தனிய இதைக் காவிக்கொண்டு திரிஞ்சிருக்கிறீர், பாவம். பொய்தான், சொல்லச் சொல்லித்தான் கேக்கிறன். உண்மை தெரிஞ்சால் அவ இந்த மலையாலை உயிரோடை இறங்கமாட்டா. போன் பைக்குள்ளைதான் கிடந்தது. அதுக்கு மேலை ஒரு சொல்லும் வேண்டாம். கண்ணைத் துடையும், வந்திட்டா.

வாரும், வாரும், இந்தக் கல்லிலை இரும். ஒண்டுமில்லையப்பா, தம்பியோடை சும்மா வேலைக்கதை. கரியரை இதிலை வையும், நான் பிடிக்கிறன். என்ன? மூச்சை எடுத்திட்டுக் கதையுமன்.

தம்பி, உம்மட்டைத்தான் கேக்கிறா. சாப்பிட்டியோ எண்டு கேக்கிறா.

இன்னும் இல்லை அன்ரி எண்டு சொல்லும், ராசா.