அணில் மேல் பழி வேண்டாம்

நீங்கள் அன்று வந்தபோது நான் கொடுத்த காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது. அதற்கு மன்னிக்க வேண்டும். ஒருவனுக்கு மட்டும் போட்டுப் பழகிய கை, இரண்டு டம்ளர் என்றால் அளவு பிசகிவிடுகிறது. பொடியில் குறை இல்லை. சாலைக் கடைத்தெருவில் கண்முன்னால் அரைத்துக் கொடுப்பது. அடுத்த முறை சரியாகப் போட்டுத் தருகிறேன்.

ராஜஸ்ரீ மேடம், பாலக்காட்டுக்காரர் நீங்கள், தமிழ் சரளமாக வாசிப்பீர்கள் என்று சொன்னதால் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் ஃபைபர் கம்பெனியின் விசாரணை அறிக்கையை என் கையெழுத்துக்காக விட்டுவிட்டுப் போனீர்கள். கரமனையில் எனக்கும் அடுத்த வீட்டு சேஷனுக்கும் இன்டர்நெட் இணைப்பு வந்து வந்து போனதற்குக் காரணம் அணில் என்று அதில் எழுதியிருக்கிறது. நான் ஆயுசு முழுக்க ஆடிட்டில் இருந்தவன். ஆதாரம் இல்லாமல் ஒரு ஜீவன் மேல் குற்றம் எழுத என் பேனா இணங்காது. எங்கள் தெரு அணில்களுக்கு மாங்காய் கடிக்கத் தெரியும், காயப்போட்ட வடாம் திருடத் தெரியும். அறிக்கையில் நீங்கள் விவரித்திருக்கிற அளவுக்குப் பொறுமை அவற்றுக்குக் கிடையாது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சேஷனும் நானும் ஒரே நாளில் விண்ணப்பித்தோம். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் இணைப்பு என்று உங்கள் ஆள் சொன்னார். அது எந்தக் கிரகத்து மணி என்று நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. முதலில் வந்தவர் ஏணி கொண்டுவந்தார், டிரில் இல்லை. அடுத்தவரிடம் டிரில் இருந்தது, ஏணி இல்லை. மூன்றாவது ஆள் இரண்டையும் கொண்டுவந்து, கேபிளை வண்டியிலேயே வைத்து, வண்டியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். இந்த மூவரும் ஒரே நாளில் வந்திருந்தால் கரமனை ஆற்றின் குறுக்கே ஒரு அணையே கட்டியிருக்கலாம்.

ஆளும் சாமானும் ஒன்றாக வந்தபோது தெரு சம்மதிக்கவில்லை. எங்கள் தெருவில் ஒயர் குறுக்கே போகக் கூடாது. உற்சவத்தில் சுவாமி வாகனத்தில் வரும்போது குடையில் தட்டும். வீட்டு முகப்போடு ஒட்டிக் கொண்டுபோகலாம் என்றால், குடை அங்கேயும் சாயும் என்றார்கள். சுவாமி அந்தப் பக்கம் சாய்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் குடை விஷயத்தில் எங்கள் தெருவோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை. கடைசியில் மச்சு வழியாகக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. எங்கள் வீடுகளுக்குச் சுவர் பொது. ஓட்டுக்கு அடியில் என் மச்சுக்கும் சேஷன் மச்சுக்கும் இடையில் ஒரு சுவர்தான். கம்பத்திலிருந்து ஒரே கேபிள் என் மச்சுக்குள் வந்து, ஒரு பெட்டியில் பிரிந்து, ஒரு கிளை என் ஹாலுக்கும் ஒரு கிளை சுவரைத் துளைத்துச் சேஷன் ஹாலுக்கும் போக வேண்டும். இதைத் தீர்மானிக்கவே தை மாதம் போய் மேடம் வந்துவிட்டது. மலையாளத்துச் சித்திரை மாதத்தின் பெயரைத்தான் சொல்கிறேன், உங்களை அல்ல.

சேஷனைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மனைவி போன பிறகு அவன் வெளியே வருவதை நிறுத்தியிருந்தான். வாரத்துக்கு ஒரு தடவை வாசலில் பார்த்தால் மழை வருமா என்று கேட்பான். வரும் என்றாலும் வராது என்றாலும் உள்ளே போய்விடுவான். பிறகு குளியலறையில் வழுக்கி விழுந்தான். அவனுடைய ஒரே பெண் ஜானவி பெங்களூரிலிருந்து லேப்டாப்போடு வந்து சேர்ந்தாள். வீட்டிலிருந்தே வேலை செய்ய அவள் ஆபீசில் அனுமதி கொடுத்திருந்தார்கள், ஒரு நிபந்தனையோடு. வீட்டில் கேபிள் இணைப்பு இருக்க வேண்டும், செல்ஃபோன் இணைப்பு செல்லாது. ஓணத்துக்குள் அதை நிரூபிக்காவிட்டால் பெங்களூருக்குத் திரும்ப வேண்டும். விழுந்த அப்பாவைத் தனியே விட்டுப் போக மாட்டாள். கூட்டிக்கொண்டுதான் போவாள்.

"பதினாலாவது மாடியாம், ஓய்," என்றான் சேஷன் என்னிடம். "ஜன்னலைத் திறந்தா எதிர் ஃப்ளாட்காரன் பல் தேய்க்கறது தெரியுமாம். நான் அங்க போய் என்ன பண்ணுவேன்? அவனுக்குப் பல்பொடி எடுத்துக் குடுப்பேனா?"

ஆகவே இணைப்பு என்பது அவனுக்கு வீடு. இது எனக்கு ஆரம்பத்திலிருந்தே நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

தாமதம் தொடங்கியதிலிருந்து சேஷன் தினமும் சாயந்திரம் என் வீட்டுக்கு வந்தான். ஸ்பீக்கரில் உங்கள் கஸ்டமர் கேரைப் போட்டு நடுவில் வைப்போம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று அந்தப் பெண் குரல் சொல்லும்.

"கேட்டீரோ? முக்கியமாம். எங்காத்துக்காரி இருந்தவரை ஒரு நாள் இப்படிச் சொன்னதில்லை."

"இரும், இப்போ பாட்டு வரும்."

பாட்டு வரும். ராகம் என்னவென்று தர்க்கம் செய்வோம். அவன் மோகனம் என்பான், நான் எதுவும் இல்லை என்பேன். யாராவது மனிதக் குரலில் பேசத் தொடங்கினால் எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். என் மனைவி சுப்புலக்ஷ்மி பேரன் பிறப்புக்காக மெல்பர்ன் போனவள். குளிர் விட்டதும் வருகிறேன் என்றாள். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான், அங்கே குளிர் இன்னும் விடவில்லை. என் ஹாலில் அவ்வளவு பேச்சு கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆபீசில் நான் கற்றது ஒன்று. ஒரு கோப்பு முடிந்துவிட்டால் அதைப் பற்றிப் பேச யாரும் வர மாட்டார்கள்.

கடைசியில் உங்கள் கம்பெனிப் பையன் அபிஜித் வந்து ஒரு வெள்ளிக்கிழமை ராகுகாலம் கழிந்ததும் கேபிளை இழுத்தான். நல்ல பையன். எனக்கு எல்லாம் விளக்கினான். "ஸாரே, இதின் உள்ளில ஓடுறது வெளிச்சமாணு. ஒடிக்கண்டா, வளைச்சாலே மதி, வெளிச்சம் போகும்." ஒடிக்க வேண்டாம், இறுக்கி வளைத்தாலே போதும், வெளிச்சம் நின்றுவிடும் என்கிறான். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. இரண்டு வீட்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. ஜானவி பாயசம் வைத்துக் கொடுத்தாள்.

"இனிமே உமக்கு என்னால தொந்தரவு இல்லை, ஓய்," என்றான் சேஷன்.

சொன்னபடியே அன்று சாயந்திரம் அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சுவர் வழியாக டிவியில் உபன்யாசம் கேட்டது. அதற்கு மறுநாள் மச்சில் புறா கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்க ஏறினேன். புறா இல்லை. கேபிள் பெட்டிக்குப் போகிற இடத்தில் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அபிஜித் சொன்னது உண்மையா என்று பார்க்கத் தோன்றியது. ஓய்வுபெற்றவனுக்கு விஞ்ஞான ஆர்வம் இருக்கக் கூடாதா? கேபிளை இறுக்கி மடக்கி, அந்த மடிப்பு விரியாமல் ஒரு துணி கிளிப் போட்டேன். கீழே இறங்கி அடுப்பில் பால் வைத்தேன். பால் பொங்குவதற்கு முன் வாசலில் குரல் கேட்டது.

"ஓய், உம்மாத்துல எப்படி? எங்காத்துல சிவப்பாக்கும்."

என் வீட்டிலும் சிவப்புதான். கிளிப் போட்டது பெட்டிக்கு முன்னால். ஒரு பொதுக் காரியத்தில் இறங்கிவிட்டால் சொந்தச் சௌகரியத்தைப் பார்க்கக் கூடாது.

பிறகு நடந்தது உங்கள் பதிவில் இருக்கிறது. புகார் கொடுப்போம். அபிஜித் வருவான். அவன் பைக் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் நான் மச்சுக்குப் போய் கிளிப்பை எடுத்துவிடுவேன். அவன் மீட்டர் வைத்துப் பார்ப்பான், எல்லாம் சரியாக இருக்கும். அவன் போனதும் திரும்ப மாட்டிவிடுவேன். ஏணியில் அத்தனை தடவை ஏறி இறங்கியதில் என் முழங்கால் வலி போய்விட்டது. டாக்டர் ஆச்சரியப்பட்டார். எல்லா நாளும் மாட்டினேன் என்று நினைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜானவி வீட்டில் சும்மா இருப்பாள், அன்று இணைப்பு தேவையில்லை. அன்று எடுத்து வைத்திருப்பேன்.

அபிஜித் இளைத்துப்போனான். "ஞான் வரும்போ பச்சை, ஞான் போனா சிவப்பு. ஸாரே, இந்த வீட்டில வல்ல பிரேதமும் உண்டோ?" என்று கேட்டான். எங்கள் வீட்டில் பேய் எதுவும் தங்காது, பேச ஆள் இல்லை என்றேன். சேஷன் விக்னம் நீங்கப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டான். ஆட்டோவில் நானும் போனேன். பையை நான் பிடித்துக்கொண்டேன், அவன் உடைத்தான். ஒவ்வொரு காயும் தூள்தூளாகச் சிதறியது. பிள்ளையாருக்கு எல்லாம் தெரியும். அவர் என்னைத் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆவணி பிறந்ததும் ஜானவி வந்தாள். அவள் ஆபீசிலிருந்து ஒரு நாள் குறித்துவிட்டார்கள். அன்று காலை அங்கிருந்தே பரிசோதிப்பார்களாம். இணைப்பு இருந்தால் அவள் இங்கேயே இருக்கலாம், இல்லையென்றால் கிளம்ப வேண்டும்.

"ஹரன் மாமா, நீங்க மட்டும் இல்லைன்னா அப்பா இந்த அலைச்சல்ல படுத்துண்டிருப்பா," என்றாள். "எனக்கு ஒரு வழியும் தோணலை."

கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பரிசோதனைக்கு முந்தின நாளே கிளிப்பை எடுத்துவிடுவதாக முடிவு செய்திருந்தேன். அந்தச் சாயந்திரம் ஏணியைக்கூடச் சாத்தி வைத்துவிட்டேன். அப்போதுதான் சேஷன் வந்தான். அவ்வளவு வேகமாக அவன் நடந்து நான் பார்த்து வருஷங்கள் ஆகின்றன. வேட்டியைக்கூட மடித்துக் கட்டியிருந்தான்.

"ஓய், நாளைக்கும் சிவப்புன்னா நாம கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போறோம். ஜானவி போகட்டும், கேஸ் நடக்கறச்சே வாதி ஊர்ல இருந்தாகணும்னு நான் பிடிவாதம் பிடிப்பேன். வக்கீலே வேண்டாம், நீரே பேசலாமாம்."

"நானா?"

"பின்ன? ஆயுசு முழுக்க அடுத்தவன் தப்பைத்தானே எழுதினீர்? ஆட்டோல போறோம், வாய்தா வாங்கறோம், வர்ற வழியில மசால்தோசை தின்றோம். வருஷக்கணக்கா நடக்குமாக்கும்."

அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது, மேடம். இரவு ஏணிக்கு அடியில் நின்று யோசித்துப் பார்த்தேன். கிளிப்பை எடுத்தால் அவனுக்கு வீடு இருக்கும், வழக்கு இருக்காது. திரும்பவும் உபன்யாசமும் மழை வருமாவும்தான். அவ்வளவு உற்சாகமாக இருக்கிற ஒரு மனிதனின் மனதை உடைக்க எனக்குக் கை வரவில்லை. ஏணியை மடக்கிப் பின்கட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் சிவப்பு. ஜானவியிடம் அவனுடைய பிடிவாதம் எடுபடவில்லை. அது என் கணக்கில் நேர்ந்த ஒரே பிசகு. அந்தப் பெண் அப்பாவைக் கூட்டிக்கொண்டுபோக டாக்ஸி சொல்லிவிட்டாள். சாமான்களைக் கட்ட நான்தான் உதவினேன். சேஷன் ஒவ்வொரு அறையாகப் போய் ஜன்னல் கொக்கிகளைப் போட்டான். போட்ட கொக்கியைத் திரும்பப் போய்த் தொட்டுப் பார்த்தான். டாக்ஸியில் ஏறியபின் கண்ணாடியை இறக்கினான்.

"கேஸை விட்டுடாதேயும், ஓய். இவன்களைச் சும்மா விடப்படாது."

விட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வண்டி திரும்பியதும் மச்சுக்கு ஏறிக் கிளிப்பை எடுத்தேன். சுவரில் அபிஜித் போட்ட துளை கொஞ்சம் பெரிது, அது வழியாகப் பார்த்தால் சேஷன் மச்சுப் படிக்கு அந்தப்பக்கம் பச்சை வெளிச்சம் சுவரில் விழுவது தெரிந்தது. ஒரு கண்சிமிட்டல்கூட இல்லாமல் எரிந்தது. உங்கள் சேவை தரமானது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். இந்தப் புகார்களின் பேரில் அபிஜித்தைக் காசர்கோட்டுக்கு மாற்றிவிட்டதாக நீங்கள் சொன்னது எனக்கு வருத்தம். அவன் வேலையில் ஒரு குற்றமும் இல்லை. அணிலின் மேலும் இல்லை. கேபிளை மடக்கியது நான், ஒவ்வொரு தடவையும் நான்தான். பெங்களூரிலிருந்து சேஷன் ஃபோன் செய்தால் பேசுவேன் என்று ஜானவியிடம் சொல்லியிருக்கிறேன். அவன் இப்போது அதிகம் பேசுவதில்லை என்கிறாள். ஊர் மாறினால் ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்.

சேஷன் வீட்டுக்குப் போன வாரம் குடித்தனம் வந்துவிட்டது. நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகள், கிருஷ்ணகுமார், ஆர்யா என்று பெயர். இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே வேலை. நல்ல மாதிரி. ஆனால் வந்ததிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறார்கள். அதனால் ஒரு வேண்டுகோள், மேடம். அபிஜித்தை இந்தப் பக்கத்துக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்த வீட்டுக்கு இனிமேல் அடிக்கடி வர வேண்டியிருக்கும், பழகிய ஆளாக இருந்தால் நல்லது.